கடவுளை விட்டான், காணியை விட்டானா?

ஒரு நாவல். 1913-இல் தொடங்கி 1914-இல் எழுதி முடிக்கப்பட்டது. அச்சேறிய ஆண்டோ 1971! இடையிலே 57 ஆண்டுகள். எழுதியவர் பெயரறியாத எழுத்தாளரா? அல்ல, இ. எம். ஃபார்ஸ்டர். ‘ஹவார்ட்ஸ் எண்ட்’ எனும் நாவலால் 1910-இலேயே புகழ் பெற்றுவிட்டவர். 1924-இல் வெளிவந்த ‘இந்தியாவுக்கு ஒரு பயணம்’ எனும் நூலால் நம் நாட்டுப் படிப்பாளிகளும் நன்கறிந்தவர். அப்படிப்பட்டவர், தம் கையெழுத்துப் படியை நெருங்கிய நண்பர் சிலருக்கு மட்டும் காட்டி, மீண்டும் மீண்டும் திருத்தி, மீண்டும் மீண்டும் மறைத்து வைத்து, 1970-இல் தமது 91-ஆம் வயதில் கண்மூடினார். அதற்கு மறு ஆண்டுதான் ‘மாரிஸ்’ எனும் அந்த நாவல் வெளிச்சத்துக்கு வந்தது.

ஏன் இந்த மறைவு வாழ்க்கை ஒரு நூலுக்கு? அதன் பொருள் ஓர் ஆண் மற்றோர் ஆணைக் காதலிப்பது. அதனினும் பெரிய ‘குற்றம்’ ஒன்றுண்டு: அந்தக் காதல் வெற்றி பெறுகிறது. காதலர் தூக்கில் தொங்கியிருந்தாலோ, தற்கொலை புரிந்திருந்தாலோ, “பார்த்தீர்களா, பாவத்தின் சம்பளம்!” என்று காட்டிப் படிக்கவிட்டிருப்பர். இன்பமாக முடித்ததனாலேயே வெளியிட இயலாதாயிற்று என்று, 1960-இல் நூலுக்குச் சேர்த்த பின்குறிப்பில் ஆசிரியரே விளக்குகிறார்.

“இருக்கட்டும்; பகுத்தறிவு ஏட்டிலே இதற்கென்ன இடம்?” என்று சில தோழர்கள் புருவத்தை நெரிப்பார்கள். அந்தப் புருவ நெரிப்புக்காகவேதான் இதனை எழுதுகிறேன். கடவுளை மறுப்பது பகுத்தறிவின் முதற்படியா, முடிந்த படியா என்ற கேள்வியை இந்த நாவலைப்போல் கூர்மையாகக் கேட்ட நூல்கள் மிகச் சிலவே.

கதையைச் சுருங்கக் கூறுவேன்.

மாரிஸ் ஹால், லண்டன் நகரின் புறத்தே வாழும் நடுத்தரச் செல்வர் வீட்டுப் பிள்ளை. தந்தை இறந்துவிட்டார். தாய், இரு தங்கையர், தந்தை விட்டுச் சென்ற பங்குத் தரகுத் தொழில் — இவை அவனுக்குக் காத்திருக்கின்றன. அறிவிலே சிறந்தவனல்லன், அழகிலே குறைந்தவனுமல்லன். ஊர் எதை நம்பச் சொன்னதோ அதை நம்புகிறான். எதை வெறுக்கச் சொன்னதோ அதை வெறுக்கிறான். கேம்ப்ரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் கிளைவ் டர்ஹம் எனும் மாணவனைச் சந்திக்கிறான். கிளைவ் பெருநிலக்கிழார் குடும்பம். பண்ணை மாளிகைக்கு வாரிசு. ஆழ்ந்த படிப்பாளி. பிளேட்டோவைப் படித்துத் தன் இயல்பைத் தானே அறிந்துகொண்டவன். மதத்தை எண்ணிப் பார்த்துக் கைவிட்டவன். திருவிருந்தில் பங்குகொள்ள மாட்டேன் என்று பெற்ற தாயிடமே மறுத்தவன்!

இந்தக் கிளைவ்தான் மாரிஸின் மதநம்பிக்கையை வாதத்தால் தகர்க்கிறான். மூவொருமைத் தத்துவத்தைக் காப்பாற்ற மாரிஸ் மல்லுக்கட்டி நின்று, இறுதியில் தான் ஒருநாளும் எதையும் நம்பியதே இல்லை, நம்புவதாக எண்ணிக்கொண்டிருந்தோம் என்று உணர்கிறான். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது; பின்பு சுருக்கென்றது. நம்மிலே எத்தனை பேர் அப்படி!

கிளைவே முதலில் காதலைச் சொல்கிறான். 3 ஆண்டுகள் இருவரும் உயிரொன்றாய் வாழ்கின்றனர்; ஆனால் கிளைவ் விதித்த எல்லைக்குள். உள்ளம் கலக்கலாம், உடல் தீண்டலாகாது! பின்னர் ஒரு காய்ச்சலுக்குப் பின் கிரேக்க நாட்டுக்குத் தனியே சென்ற கிளைவ், பெண்ணை நாடும் இயல்பினனாகத் தான் மாறிவிட்டதாக எழுதுகிறான். திரும்பி வந்து ஆன் எனும் செல்வக்குடிப் பெண்ணை மணக்கிறான். பாராளுமன்றத் தேர்தலுக்கு ஆயத்தமாகிறான். பண்ணைக் குடிகளிடம் பணிவையும் விசுவாசத்தையும் எதிர்பார்க்கும் மிராசுதாரனாய் மாளிகையில் அமர்கிறான்.

கைவிடப்பட்ட மாரிஸ் நோயாளியைப்போல் அலைகிறான். குடும்ப மருத்துவரிடம் உண்மையைச் சொல்கிறான். “உளறாதே” என்ற அளவில் அவர் கதவை மூடுகிறார். மனோவசிய மருத்துவரிடம் போகிறான். அவர் கட்டணம் வாங்கிக்கொண்டு, இல்லாத பெண்ணின் ஓவியத்தைச் சுவரில் காணும்படி சொல்லிப் பார்க்கிறார். பயனில்லை. இந்தச் சமயத்தில்தான், கிளைவின் பண்ணையில் வேட்டைக்காட்டைக் காக்கும் வேலையாள் அலெக் ஸ்கட்டர் ஏணி வைத்துச் சன்னல் வழியே அவன் வாழ்வுக்குள் வருகிறான்.

யார் இந்த அலெக்? கசாப்புக் கடைக்காரர் மகன். கூலிக்காக எசமானர்களின் துப்பாக்கியைத் தூக்குபவன். பிழைப்புத் தேடி அர்ஜென்டினாவுக்குக் கப்பலேற இருப்பவன். இன்னொன்றும் சொல்லவேண்டும்: திருச்சபையில் திடப்படுத்தல் சடங்கைப் பெறாதவன். ஊர்ப் பாதிரியார் பொரீனியசுக்கு இது பெருங்கவலை! கடல் கடந்து போகும் அந்த ஆட்டைப் பட்டிக்குள் அடைக்க, அயல்நாட்டுப் பாதிரிக்குக் கடிதத்தோடு துறைமுகம் வரை ஓடி வருகிறார். கப்பல் புறப்படுகிறது. ஆடு வரவில்லை! அலெக் தன் பயணத்தையும் வேலையையும் துறந்து, படகுக் கொட்டகையில் மாரிஸுக்காகக் காத்திருக்கிறான். மாரிஸும் தொழிலை, வீட்டை, வகுப்பை உதறிவிட்டு அவனோடு போகிறான். இதுவே கதை.

இனி ஆராய்வோம்.

இந்நாவலின் உண்மையான எதிர்த்தலைவன் பாதிரியாரல்லர், மருத்துவருமல்லர், கிளைவ்! நாத்திகன், நூலறிவாளன், நாகரிகன் — அவனே எதிர்த்தலைவன். அவன் கடவுளை விட்டான், காணியை விட்டானா? திருவிருந்தை மறுத்தான், பண்ணை விருந்தை மறுத்தானா? வேதத்தைக் கேள்வி கேட்ட அவன் நாவு, ஒருவன் ஏன் எசமானாகவும் மற்றொருவன் ஏன் ஏவலாளாகவும் பிறக்கவேண்டும் என்று ஒருமுறையேனும் கேட்டதா? அவனுடைய அறிவு விடுதலை, சொத்தின் வேலி வரையில் நடந்து, வேலியைக் கண்டதும் திரும்பிவிட்ட விடுதலை.

கதையின் இறுதியில் மாரிஸ் அவனிடம் நேரே சொல்கிறான்: உன் வேலைக்காரனை நான் காதலிக்கிறேன் என்று. கிளைவ் அதிர்கிறான். ஆணை ஆண் விரும்பியதற்காகவா? அவனே அப்படி விரும்பியவனாயிற்றே! அதிர்ச்சியின் வேர் வேறு. உடல் தீண்டியது ஒன்று. தீண்டியது கீழ்நிலையானை என்பது மற்றொன்று. ‘தீண்டுதல்’ என்ற சொல்லை நான் வேண்டுமென்றே ஆளுகிறேன். அதன் எடை நமக்குத் தெரியும். மாரிஸ் இருளில் மறைந்தபின், நடந்ததை மனைவிக்குத் தெரியாமல் மறைப்பது எங்ஙனம் என்று எண்ணியவாறே கிளைவ் வீட்டுக்குள் நடக்கிறான். அந்த நடையோடு நாவல் முடிகிறது. சடங்கை ஒழித்தவன் பொய்யைச் சடங்காக்கிக்கொண்ட காட்சி அது.

மாரிஸ் மட்டும் தொடக்கத்தில் தூயவனா? இல்லை, இதை மறைக்காததே ஃபார்ஸ்டரின் நேர்மை. ஏழைகளுக்கு நம்மைப்போல் உணர்ச்சி கிடையாது என்று கருதுகிறவன் அவன். நீட்டிய சில்லறையை அலெக் வாங்க மறுத்தபோது, வேலைக்காரனுக்கு இவ்வளவு திமிரா என்று எரிச்சல் கொண்டவன். அலெக்கும் பொம்மையல்லன். கடிதங்களுக்கு மறுமொழி வராதபோது, நாயைப்போல் நடத்தப்படுவதாகச் சினந்து, உண்மையை வெளியிடுவேன் என மிரட்டவும் துணிகிறான். ஒருவன் நெஞ்சில் வகுப்புச் செருக்கு. மற்றவன் நெஞ்சில் வகுப்புக் காயம். இரண்டும் மோதும் இடம் பிரிட்டிஷ் அருங்காட்சியகம். அங்கே மாரிஸின் பழைய பள்ளி ஆசிரியர் குறுக்கிட்டு, அவன் பெயரைத் தவறாகச் சொல்லி அழைக்கிறார். அப்போது மாரிஸ் தன் பெயரைச் சொல்லவில்லை, “ஸ்கட்டர்” என்கிறான்! வேலைக்காரன் பெயரைத் தன் பெயராய்ச் சொல்கிறான்.

என் கருத்தில் நாவலின் உச்சம் இதுவே, படுக்கையறைக் காட்சியன்று. 1929-இல் செங்கற்பட்டுச் சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானித்தபோது, பெயருக்குள் பதுங்கியிருக்கும் ஆதிக்கத்தைத்தான் அடையாளம் காட்டியது. உயர்ந்த பெயரை இழக்கத் துணிந்த அந்த நொடியில்தான் மாரிஸ் காதலன் ஆகிறான். அதுவரை அவன் காதலிக்கப்பட விரும்பிய கனவான் மட்டுமே.

மதம் இந்நூலில் வகிக்கும் இடத்தையும் கூர்ந்து நோக்கவேண்டும். பொரீனியஸ் மூடரல்லர். மாளிகையில் இருந்த எல்லோரினும் உண்மையை முதலில் மோப்பம் பிடித்தவர் அவரே. ஒழுக்கப் பிறழ்வு என்று தாம் கருதும் எல்லாவற்றையும் சட்டம் தண்டித்தாலொழியத் திருச்சபை இங்கிலாந்தை மீண்டும் வெல்லாது என்பது அவர் எண்ணம். மதம் அன்பால் ஆள முடியாத இடத்தில் போலீசால் ஆள விரும்புகிறது என்பதை ஒரு பாதிரியின் வாய்வழியே காட்டிவிடுகிறார் ஆசிரியர். அந்தச் சட்டம் வெறும் பூச்சாண்டியுமன்று. 1885-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படித்தான் 1895-இல் ஆஸ்கார் ஒயில்டு ஈராண்டுக் கடுங்காவல் பெற்றார். இங்கிலாந்தில் அச்சட்டம் தளர்ந்தது 1967-இல். அதுவும் 21 வயது நிரம்பியவர்க்கு, தனிமையில் மட்டும்.

குறைகளையும் கூறாது விடுவது திறனாய்வாகாது.

முதலாவது, பெண்கள். தாயையும் தங்கையரையும் மாரிஸ் அடக்கி ஆள்கிறான். ஆசிரியர் அதைக் காண்கிறார், ஆனால் அப்பெண்களின் உள்ளத்துள் புகவில்லை. கிளைவின் மனைவி ஆன், தான் எத்தகைய மறைப்பின்மேல் குடித்தனம் நடத்துகிறாள் என்பதை அறியாமலே இருக்கிறாள். ஆணுக்கு ஆண் மேல் உள்ள காதலை ஊர் ஒறுத்தால், அதன் விலையைச் செலுத்துகிறவள் பெரும்பாலும் ஏதுமறியாத ஒரு பெண். இந்த உண்மை நாவலின் ஓரத்தில் கிடக்கிறது, நடுவே வந்திருக்கவேண்டும்.

இரண்டாவது, காடு. காதலர் இருவரும் நாட்டைத் துறந்து காட்டுக்குள் மறைகிறார்கள். ஆண்டுகள் பல சென்றபின் தங்கை கிட்டி, மரம் வெட்டும் அவ்விருவரையும் சந்திப்பதாக ஒரு முடிவுரையும் எழுதினார் ஃபார்ஸ்டர், பின்பு நீக்கிவிட்டார். 1914-இல் மூண்ட போர், அப்படி ஒளிந்து வாழும் காட்டையே இல்லாமற் செய்துவிட்டது. ஊரைத் திருத்தாமல் ஊரை விட்டு ஓடுவது இயக்கத்தார்க்கு ஏற்குமா? ஏற்காது. ஆனால் ஓடியவனைக் குறைகூறுமுன், துரத்தியவனைக் கேட்கவேண்டும் அன்றோ?

மூன்றாவது குறை, ஆசிரியரின் நண்பர் லிட்டன் ஸ்ட்ரேச்சி சுட்டியது: இத்தகைய வகுப்பு வேறுபாட்டுக்கிடையே இந்த உறவு நீடிக்காது என்றார். இதற்கு நாவலில் விடையில்லை. நாவலாசிரியரின் வாழ்வில் உண்டு.

நாவலுக்கு வித்திட்டதே ஓர் உண்மை இல்லம். வசதியான குடியில் பிறந்த சமதர்ம எழுத்தாளர் எட்வர்ட் கார்ப்பெண்டரும், ஏழைக் குடியில் பிறந்த ஜார்ஜ் மெரிலும் ஒன்றாய் வாழ்ந்த டெர்பிஷயர் இல்லத்துக்கு 1913-இல் சென்று வந்த பின்னரே ஃபார்ஸ்டர் எழுதத் தொடங்கினார். எழுதி முடித்த பிறகு அவர் எழுதியதே அவர் வாழ்வில் நிகழ்ந்தது. முதல் உலகப் போரில் செஞ்சிலுவைச் சங்கப் பணியாளராய் எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் இருந்தபோது, 1917-இல், டிராம் வண்டி நடத்துநரான முகம்மது எல் அடல் எனும் இளைஞரைக் காதலித்தார். ஒருவர் கிறித்தவக் குடியில் பிறந்து மதத்தைத் துறந்தவர், மற்றவர் இசுலாமியர். ஒருவர் ஆளும் நாட்டவர்; மற்றவர் ஆளப்படும் நாட்டவர். முகம்மது பின்னர் மணம் புரிந்தார். காசநோயால் 1922-இல் மறைந்தார். மறைந்தவரை விளித்துக் கடிதம் போன்ற நினைவுக் குறிப்பு ஒன்றைப் பல ஆண்டுகள் எழுதிவந்தார் ஃபார்ஸ்டர். 1930-இல் பாப் பக்கிங்ஹாம் எனும் போலீஸ்காரரின் நட்பு கிட்டியது. 40 ஆண்டுகள் அது நிலைத்தது. பக்கிங்ஹாமின் வீட்டில்தான் ஃபார்ஸ்டரின் உயிர் பிரிந்தது. நீடிக்காது என்றவருக்கு இதைவிட என்ன மறுமொழி வேண்டும்?

1987-இல் இந்நாவல் திரைப்படமாயிற்று. இயக்கியவர் அமெரிக்கரான ஜேம்ஸ் ஐவரி. தயாரித்தவர் பம்பாயில் முசுலிம் குடும்பத்தில் பிறந்த இஸ்மாயில் மெர்ச்சன்ட். இவ்விருவரும் தொழிலில் மட்டுமின்றி வாழ்விலும் இணையர். 2005-இல் மெர்ச்சன்ட் மறைந்தபின் ஐவரியே இதை வெளிப்படையாய்ப் பேசினார், எழுதினார். படத்தில் ஒரு மாற்றம்: நண்பன் ஒருவன் கைதாகித் தண்டனை பெறுவதாய்ச் சேர்த்து, அந்த அச்சத்தாலேயே கிளைவ் மாறினான் என்று காட்டுகிறார்கள். காரணம் தெளிவாகிறது, ஆனால் கிளைவின் பொறுப்புக் குறைகிறது. நாவலில் அவனைச் சட்டம் துரத்தவில்லை. சொத்தும் மாளிகையும் வாரிசுக் கடமையும் மெல்ல அழைத்துக்கொள்கின்றன. நாவலே கடுமையானது, நாவலே உண்மையானது என்பேன்.

“இதெல்லாம் மேல்நாட்டு நோய், நமக்கேன்?” என்பார்க்கு ஒரு சொல். மேல்நாட்டிலிருந்து கப்பலேறி வந்தது இந்தக் காதலன்று. இதைக் குற்றமாக்கிய சட்டம்! 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 377-ஆம் பிரிவு வெள்ளையர் எழுதியது. அதன் பிடியிலிருந்து வயதுவந்தோரின் விருப்ப உறவை உச்சநீதிமன்றம் விடுவித்தது 2018 செப்டம்பர் 6-இல். மாரிஸை மனோவசியத்தால் ‘திருத்த’ முயன்ற மருத்துவர்களின் வழித்தோன்றல்களுக்குத் தடை விதித்தது 2021-இல் சென்னை உயர்நீதிமன்றம். ஆயின் 2023-இல், இத்தகையோரின் திருமணத்தை ஏற்க உச்சநீதிமன்றம் மறுத்துவிட்டது.

1967-ஐ எண்ணிப் பாருங்கள். அங்கே அச்சட்டம் தளர்ந்த அதே ஆண்டில், இங்கே அண்ணாவின் அரசு சுயமரியாதைத் திருமணத்துக்குச் சட்ட ஏற்பளித்தது. புரோகிதன் வேண்டா, ஓமத்தீ வேண்டா, சாதிப் பொருத்தம் வேண்டா. இருவர் உள்ளம் ஒத்தால் போதும் என்பதே அம்மணத்தின் உயிர். அந்த உயிரை ஏற்றவர்கள், “இருவர் என்றால் இன்னின்னார் மட்டுமே” என்று இடையில் வேலி கட்டினால், அந்த வேலியைக் கட்டியது பகுத்தறிவா, பழக்கமா?

இறுதியாக ஒன்று. நாவலின் முதற்காட்சியில் ஓர் ஆசிரியர் வருகிறார். பள்ளியை விட்டுப் போகும் சிறுவன் மாரிஸைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, ஆண் பெண் உறவைப் பற்றி மணலில் கைத்தடியால் படம் வரைந்து விளக்குகிறார். சிறிது தூரம் போனதும், படத்தை அழிக்காமல் வந்துவிட்டோமே, யாரேனும் பார்த்தால் என்னாவது என்று பதறுகிறார்! பொய்யர், கோழை என்று அந்த நொடியில் சிறுவன் உள்ளம் அவரை எடைபோட்டுவிடுகிறது. பின்னாளில் அருங்காட்சியகத்தில் அவன் பெயரையே மறந்து வந்து நிற்பவரும் அவரே.

நானும் ஓர் ஆசிரியன். சென்ற ஆண்டு, வகுப்பு முடிந்து எல்லோரும் போனபின், மாணவன் ஒருவன் தயங்கி நின்று, “ஐயா, ஆணை ஆண் விரும்பினால் அது நோயா?” என்று கேட்டான். “தேர்வு முடியட்டும், பேசுவோம்” என்றேன். தேர்வு முடிந்தது. அவன் மீண்டும் வரவில்லை, நானும் அழைக்கவில்லை. மேடையிலே கடவுளைக் கேள்வி கேட்கும் நான், ஒரு பிள்ளையின் கேள்விக்கு முன் மணலை அழித்துக்கொண்டு நின்றேன். கிளைவைப் பற்றி மேலே எழுதிய கடுஞ்சொற்களில் ஒரு பங்கு எனக்கும் உரியது.

அந்த மாணவனுக்கு நான் அன்றே சொல்லியிருக்கவேண்டிய விடை இது: நோயன்று தம்பி, இயல்பு. அதை நோயென்பவர் அறியாமையிலோ அச்சத்திலோ பேசுகிறார்.

தோழர்களே! நம் மன்றங்களிலும் படிப்பகங்களிலும் ‘மாரிஸ்’ இடம்பெறட்டும். படித்தபின் கிளைவைத் திட்டுவது எளிது. அவனை நம்முள் தேடுவதே கடினம், அதைச் செய்வோம்.